பெரிய கிளாக்கரின் நெஞ்சில் இருக்கும் பதக்கம்

நண்பர்களே,

பெரிய கிளாக்கரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அரைப் பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். துறைமுகத்தடிப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம், நான் ஒருத்திதான் மிச்சமாம். இதோ எழுதிவிட்டேன், அரைப் பக்கத்தில் அடங்கவில்லை. செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியும். தேடிப் பார்த்தேன். அவருடைய கையெழுத்து அழகானது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

நீங்கள் அனுப்பிய மலரின் மாதிரியைப் பேரன் கணினியில் பெரிதாக்கிக் காட்டினான். உங்களில் ஏழு பேர் ஒரே கதையை எழுதியிருக்கிறீர்கள். தெற்கில் இடதுசாரிப் பொடியன்கள் கிளர்ச்சி செய்த வருடம், நம் வீடுகளில் இருந்த ரஷ்ய பட்ஜுகளைப் பெரிய கிளாக்கர் வாங்கிக்கொண்டு போய்க் குடாவின் நடுவில் போட்டாராம். அப்படி நம் அப்பாமாரை மறியலுக்கு, அதாவது சிறைக்குப் போகாமல் காப்பாற்றினாராம். மலர்க்குழுத் தலைவரே, நீ எழுதியிருப்பதுதான் எல்லாவற்றிலும் உருக்கமானது. 'என் நாய் கடலுக்குள் போனது, என் தந்தை வீட்டில் இருந்தார்' என்று முடித்திருக்கிறாய். அதை வாசித்துவிட்டு நான் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. துக்கத்தால் அல்ல, கோபத்தால்.

உங்கள் பேரப்பிள்ளைகளும் வாசிக்கக்கூடும் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். அந்தக் காலத்தில் சோவியத் என்றொரு நாடு இருந்தது. அதன் சரக்குக் கப்பல்கள் திருகோணமலைக்கு வரும். அந்த நாட்டுக்குத் தன்னைப் பற்றி ஊர் ஊராகச் சொல்லித் திரிகிற ஆசை நிறைய. அதனால் ஒவ்வொரு மாலுமியின் பையிலும் ஒரு கைப்பிடி பட்ஜ் இருக்கும். பெருவிரல் நகத்தளவு தகரம், பின்னால் ஓர் ஊசி. கொடி, அரிவாளும் சுத்தியலும், அணைக்கட்டு, ரொக்கட், தாடிக்காரத் தலைவர். ஒரு சங்கு கொடுத்தால் இரண்டு தருவார்கள், கருங்காலி யானைக்கு நாலு. சந்தனச் சவர்க்காரத்துக்கு மாலுமியின் மனநிலையைப் பொறுத்துக் கிடைக்கும்.

என் அப்பா கப்பல்களுக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோகும் படகை ஓட்டியவர். வேலை முடிந்து வரும்போது சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவார். உள்ளே டீசல் மணக்கும் ஒரு பட்ஜ் இருக்கும். அதை நாக்கில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். மேலே பூசியிருக்கும் சிவப்பு சில்லென்று இருக்கும், ஓரத்தில் செம்பு கசக்கும்.

வாகை மரத்தடியில் நாம் நடத்திய சந்தை நினைவிருக்கிறதா? கொடி போட்டது ஒன்றுக்கு ஒன்று. ரொக்கட் ஒன்றுக்கு மூன்று கொடி. விண்வெளிக்குப் போன நாயின் பட்ஜ் நம் எல்லோரிலும் ஒருவனிடம்தான் இருந்தது, தலைவரே, உன்னிடம். அதற்கு ஐந்து ரொக்கட் தருவதாகச் சொல்லியும் நீ அசையவில்லை. என்னிடம் இருந்த சுருள்முடி நட்சத்திரத்துக்கு விலையே கிடையாது. சிவப்புக் கண்ணாடி போன்ற ஐந்து முனை நட்சத்திரம், நடுவில் தங்க நிறத்தில் சுருள்முடிக் குழந்தை முகம். வேதக்காரப் பிள்ளைகள் அதைக் குழந்தை யேசு என்றார்கள். நாங்கள் பாலமுருகன் என்றோம். அதற்காக ஒரு நாள் அடிபிடியும் நடந்தது.

அந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தவர் பெரிய கிளாக்கர். துறைமுக அலுவலகத்தில், நாம் சொல்லும் கந்தோரில், பெரிய வேலை. அவர் கையெழுத்து வைத்தால்தான் எவருக்கும் துறைமுகத்து யாட்டுக்குள் போகப் பாஸ் கிடைக்கும். முத்திரையும் பழைய நாணயமும் சேர்ப்பவர். சனிக்கிழமைகளில் நம் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேகரிப்போர் கழகம் நடத்துவார். சட்டைப் பையில் பூதக் கண்ணாடி, கையில் சின்ன இடுக்கி. நம் பட்ஜுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து மதிப்புப் போடுவார். என் நட்சத்திரத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

"விசர்ப் பிள்ளையள். இது அவங்கட நாட்டைத் தொடக்கின தாடிக்காரத் தலைவர். சின்னப் பிள்ளையில இருந்த முகம். ஆரெண்டு தெரியாமல் நீங்கள் சாமி கும்பிடுறியளோ?"

நாம் எல்லோரும் வெட்கப்பட்டுச் சிரித்தோம். இந்த வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு கொப்பியும் வைத்திருந்தார். எந்தப் பிள்ளையிடம் எந்த பட்ஜ் இருக்கிறது, எந்தத் தெருவில் வீடு, தகப்பனுக்கு என்ன வேலை என்று அந்த அழகான கையெழுத்தில் எழுதிக்கொள்வார். நம்மைப் பெரிய ஆட்களாக மதிக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு கிளர்ச்சி நடந்த அந்தச் சித்திரை வந்தது. ஊரடங்கு, ரேடியோவில் ஒரே பயம். சிவப்பு என்றாலே சந்தேகம். அப்பா படகோடு சீனக்குடாப் பக்கம் மாட்டிக்கொண்டு மூன்று நாள் வீட்டுக்கு வரவில்லை. ஊரடங்கு தளர்த்திய ஒரு பின்னேரம் பெரிய கிளாக்கர் சைக்கிளில் வந்து எங்கள் படலையைத் திறந்தார். கையில் அந்தக் கொப்பி.

"தங்கச்சி, உங்கட பிள்ளையிட்ட அரிவாள் சுத்தியல் பட்ஜ் கிடக்கு. பொலிஸ் வீடு வீடாப் பார்க்குது. அம்பிட்டால் உங்கட அவரைத்தான் கொண்டு போவினம்."

"அவர் வந்த பிறகு கேட்டிட்டுத் தாறனே, ஐயா."

"வந்த பிறகோ? அவர் வராமலே விட்டால்?"

அம்மா குசினிக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து என் தகரப் பெட்டியைத் திறந்தார். என் பட்ஜுகள் எல்லாம் ஒரு கறுப்பு வெல்வெட் துண்டில் குத்தியிருந்தன. அம்மாவின் பழைய சட்டையின் முதுகுப்பக்கம் அது. ஓரத்தில் கிழிந்த இடத்தை, கறுப்பு நூல் இல்லாததால், அம்மாவே சிவப்பு நூலால் தைத்துக் கொடுத்திருந்தார். நான் விடவில்லை. அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். இரண்டு ஊசிகள் உள்ளங்கையில் ஏறின.

"அழாத பிள்ளை. நடுக் குடாவில போட்டுவிடுறன். அங்க எவ்வளவு ஆழமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் பெரிய கிளாக்கர். துண்டை நாலாக மடித்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். நம் எல்லோர் வீட்டுக்கும் அப்படித்தான் வந்திருக்கிறார்.

அப்பா நாலாம் நாள் சுகமாக வந்து சேர்ந்தார். பொலிஸ் எங்கள் வீட்டுக்கு அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கியபோது இறங்குதுறையில் வரிசையாக நின்று கடலைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? எந்த இடத்தில் போட்டிருப்பார் என்று ஆளுக்கொரு பக்கம் காட்டினோம். தலைவரே, நீ மூன்று நாள் பள்ளிக்கூடமே வரவில்லை. நான் செம்பரத்தம்பூ ஒன்றைக் கிள்ளிக் கடலில் போட்டேன். செத்த வீட்டில் போடுவது போல.

அந்த வருடம் யேசு பிறந்த நத்தாருக்குப் பெரிய கிளாக்கர் வீட்டிலிருந்து ஒரு தட்டு நிறையக் கேக்கும் அச்சில் பொரித்த கொக்கிசும் வந்தது. தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அம்மா ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்து என்னிடம் தந்து விட்டார். அவருடைய மனைவி தட்டை வாங்கி உள்ளே வைப்பதற்காக முன் விறாந்தையில் இருந்த அலுமாரியைத் திறந்தார். மேல் தட்டில் சீனக் கோப்பைகள். நடுத் தட்டில் என் வெல்வெட்.

சிவப்பு நூல் தையல் வெளியே தெரிய மடித்து வைத்திருந்தது. மடிப்பின் மேல் என் சுருள்முடி நட்சத்திரம். அதற்குப் பக்கத்தில் இன்னும் பல துணிகள், அட்டைகள், ஒரு பவுடர் டப்பா. அந்த அம்மா கதவைச் சாத்தினார்.

"அது ஐயான்ர சாமான். தொட்டால் ஏசுவார்."

வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்க முதலே இடது கையால் கன்னத்தில் ஒன்று விழுந்தது. அதுவரை அவர் என்னை அடித்ததில்லை.

"ஒருத்தரிட்டையும் இந்தக் கதை கதைக்கக்கூடாது. அந்தாள் கையெழுத்து வைக்காட்டி நான் யாட்டுக்குள்ள கால் வைக்க ஏலாது. விளங்குதோ?"

விளங்கவில்லை. ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. என் அப்பா கோழை என்று நினைத்துக்கொண்டேன். அவரும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. ஆறு வயிறு அந்தக் கையெழுத்தில் தொங்கியது என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் உறைத்தது. ஆனால் அந்த அடியையும் நான் பெரிய கிளாக்கரின் பெயரில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த வருடம் காற்று மாறிவிட்டது. சிவப்பு மறுபடியும் நல்ல நிறமானது. பெரிய சோவியத் கப்பல் ஒன்று வந்து நின்றது. ஊர்ப் பிரமுகர்களுக்குக் கப்பலிலே தேநீர் விருந்து வைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. பெரிய கிளாக்கருக்கும் அழைப்பு. கோட்டுத் தைக்கக் கொடுத்துவிட்டு, "ஒரு பதக்கம் இல்லாமல் வெறும் நெஞ்சோட போறதோ?" என்று கழகத்தில் நம்மிடமே கேட்டார். பட்ஜுகளை எல்லாம் நம்மிடமிருந்து பறித்த மனுசன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைத் தண்ணீர்ப் படகில் அந்தக் கப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடித்ததற்கு அது அவருடைய மன்னிப்பு என்று நினைக்கிறேன். குழாய் பூட்டித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது கப்பலின் சமையல்காரி என்னைத் தன் அறைக்குக் கூட்டிப் போனாள். என் அம்மாவை விட மூத்தவள். மாப் பிசைந்து தடித்த கைகள். பொத்தான் போட்டு வைக்கும் தகரத்தைக் கட்டிலில் கொட்டி, பிடித்த பொத்தான் ஒன்றை எடு என்று சைகை காட்டினாள். பொத்தான்களுக்கு நடுவே ஒரு பதக்கம். வில் போல முடிந்த நீல நாடா, அதில் தொங்கும் வட்டத்தில் ஒரு பெண், கையில் குழந்தை, மேலே ஒரு சின்ன நட்சத்திரம்.

நான் அதைத் தூக்கிக் காட்டியதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கையைத் தரையிலிருந்து ஒரு சாண், இரண்டு சாண் என்று ஐந்து உயரங்களில் வைத்து ஐந்து பெயர் சொன்னாள். தன் வயிற்றில் ஐந்து தரம் தட்டினாள். பதக்கத்தைக் காட்டினாள். ஐந்து பிள்ளை பெற்றதற்கு அரசாங்கம் கொடுத்தது. பிறகு உதட்டைக் குவித்து 'ப்பூ' என்று ஊதினாள். அந்த ஊதலில் அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியது எல்லாம் இருந்தது.

அந்த இடத்திலேயே எனக்கு யோசனை வந்துவிட்டது. பத்து வயதில் இப்படி ஒரு கள்ள மூளையா என்று இப்போது கேட்காதீர்கள். அடுத்த நாள் அம்மாவின் நல்ல நைலெக்ஸ் சேலையை அப்பாவின் படகில் கயிறு பிடிக்கும் பொடியனிடம் அப்பாவுக்குத் தெரியாமல் கொடுத்து அனுப்பினேன், அவன் கையிலேயே பதக்கம் வந்தது. சேலைக்காக அம்மாவிடம் வாங்கிய அடி வேறு கணக்கு. அதை வருத்தமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

பெரிய கிளாக்கர் தன் வீட்டு முற்றத்தில் நின்று பதக்கத்தைப் பூதக் கண்ணாடிக்குக் கீழே பிடித்தார்.

"மாதா. கையில பாலன். மேல பாரும், பெத்லகேம் நட்சத்திரம். நாடாவும் மாதாவின்ர நீலம்." பின்பக்கம் திருப்பினார். அங்கே அரிவாளும் சுத்தியலும். கொஞ்சம் யோசித்தார். "அரசர் காலத்துக் கோயில் பதக்கம் இது. பிறகு பின்பக்கத்தில தங்கட முத்திரையைக் குத்தியிருக்கிறாங்கள். உலகத்தில நாலோ அஞ்சோதான் இருக்கும், பிள்ளை."

ஆரென்று தெரியாமல் சாமி கும்பிடுறியளோ என்று நம்மைப் பார்த்துச் சிரித்த அதே வாய்.

"என்ர சுருள்முடி நட்சத்திரத்தைத் தந்தால் இதைத் தாறன், மாமா" என்றேன். அவருக்கு ஒரு கடைசித் தவணை கொடுத்தேன் என்றுதான் இன்றுவரை எண்ணுகிறேன். அப்போது அவர் அலுமாரியைத் திறந்து என் நட்சத்திரத்தைத் தந்திருந்தால், பதக்கம் என்னவென்று சொல்லியிருப்பேன்.

"அது கடலுக்கடியில கிடக்குது, பிள்ளை. நான் என்ன செய்யிறது?"

கண்ணிமைக்காமல் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து, உள்ளே போய் அலுமாரிச் சாவியைத் திருப்பும் சத்தம் கேட்க, ஏதோ எடுத்துவந்து என் கையில் வைத்தார். "இந்தா, இதை வைச்சுக்கொள்ளும்."

நாய். விண்வெளிக்குப் போன நாய். வளைந்த ஊசி. பின்பக்கம் கவராயத்தால் கீறிய உன் பெயரின் முதலெழுத்து, தலைவரே. அத்தனை பட்ஜுக்குள் எது யாருடையது என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. நாயை எடுத்துக்கொண்டு, பதக்கம் என்னவென்று சொல்லாமலே கொடுத்துவிட்டு வந்தேன்.

விருந்துக்குக் கப்டனுக்கு மாலை போட நாலு பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப் போனார்கள். நானும் ஒருத்தி. பின்னேரம் நாலு மணி, தளத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசைகள். பெரிய கிளாக்கர் புதுக் கோட்டில், இடது நெஞ்சில் நீல நாடாவோடு, தலையை நிமிர்த்திக்கொண்டு ஏணியில் ஏறி வந்தார். கப்டன் கைகொடுக்க வந்தவர், பதக்கத்தைப் பார்த்ததும் கையை நீட்டியபடி அப்படியே நின்றார். பக்கத்தில் நின்ற அதிகாரி கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

அந்த நேரம் சமையல்காரி தட்டோடு வந்தாள். தன் பதக்கத்தைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள். நான் வாயில் விரலை வைத்தேன். அவள் தட்டை மேசையில் வைத்து, கையை ஏப்ரனில் துடைத்து, நேரே பெரிய கிளாக்கரிடம் போனாள். மூன்று தரம் மாற்றி மாற்றிக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அவருடைய தொந்தியை மெதுவாகத் தட்டி, ஐந்து விரலை விரித்து உயர்த்திக் காட்டினாள்.

இது அவர்களுடைய வணக்கம் என்று நினைத்து, பெரிய கிளாக்கரும் தன் ஐந்து விரலை விரித்து உயர்த்தினார். படம் பிடிப்பவர் அப்போதுதான் அழுத்தினார்.

தளம் முழுக்கச் சிரிப்பு. மாலுமிகள் கைதட்டினார்கள். கப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை உயர்த்தி அவருக்கென்று ஏதோ சொல்லிக் குடித்தார். அன்றைக்கு வந்ததைப் போல ஒரு சந்தோசத்தை நான் பிறகு கலியாணத்தன்றுகூடக் காணவில்லை.

திரும்பும் வழியில் எங்களை ஏற்றிய லோஞ்ச் படகை அப்பாதான் ஓட்டினார். மற்றப் பிள்ளைகள் இறங்கிய பிறகு கேட்டார்: "அந்தச் சமையல்காரிக்கு அஞ்சு பிள்ளையாமே. அவவின்ர பதக்கம் இந்தாளிட்ட எப்படிப் போனது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். லோஞ்ச் தன்பாட்டில் குடாவில் மிதந்தது. அவர் சுக்கானில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். எங்களுக்கிடையில் அந்த அடி அன்றோடு முடிந்தது.

ஆனால் பழி முடியவில்லை. அதுதான் என்னை இத்தனை வருடம் அரித்தது. பெரிய கிளாக்கருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. கப்டன் தனக்கு மரியாதை செய்தார் என்று கோயிலடியில் சொல்லித் திரிந்தார். ஐந்து விரல் எதற்கு என்று கேட்டவர்களுக்கு, அது அவர்களுடைய ஐந்தாண்டுத் திட்டம் என்று விளக்கம் சொன்னார். போகப் போக, பதக்கத்தை அந்த அரசாங்கமே தந்தது என்றும் ஆக்கிக்கொண்டார். பிறகு அந்த நாடே இல்லாமல் போனதாக ரேடியோ சொன்னது. அவர் சொல்வது மெய்யா பொய்யா என்று எழுதிக் கேட்க இனி உலகத்தில் ஒரு கந்தோரும் இல்லையே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்பாவும் போய்விட்டார், நாமும் ஆளுக்கொரு நாட்டில். அவர் வெளிநாட்டில் மகன் வீட்டில் நிம்மதியாகச் செத்திருக்கிறார்.

நாயை நான் உன்னிடம் தரவில்லை. தந்திருந்தால் நீ உன் அம்மாவிடம் சொல்வாய், அது கந்தோர்வரை போகும், அப்பாவின் பாஸ் போகும். அது ஒரு காரணம். எனக்கு அந்த நாயைப் பிடித்திருந்தது, அது மற்றக் காரணம். அதுவும் களவுதான், மறுக்கவில்லை.

இனி மலரைப் பற்றி. உள்ளே ஐந்தாம் பக்கத்தில் 'அன்னாரின் விலைமதிப்பற்ற சோவியத் சின்னங்கள்' என்று கண்ணாடிச் சட்டம் ஒன்றின் படம் இருக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள். வலது மூலையில் சிவப்பு நூல் தையல். அது என் அம்மாவின் சட்டை. பட்ஜுகளை அவருடைய மகன் வைத்திருந்தாலும் சரி, விற்றாலும் சரி. அந்தத் துணியைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

அட்டைப் படத்தை மாற்ற வேண்டாம். கையை உயர்த்திக்கொண்டு, நெஞ்சில் நீல நாடாவோடு அவர் நிற்பது மிக நன்றாக இருக்கிறது. நிறத்திலேயே அச்சடியுங்கள். கீழே 'சோவியத் அரசின் உயர் விருது பெற்றபோது' என்று போட்டிருப்பதை மட்டும் திருத்துங்கள். பதக்கத்தின் பின்பக்கத்து எழுத்தை அவரிடம் கொடுக்க முதலே என் கொப்பியில் பார்த்து வரைந்து வைத்திருந்தேன், அதைப் பேரனின் போன் மொழிபெயர்த்துத் தந்தது. தாய்மைப் பதக்கம். ஐந்து பிள்ளை பெற்ற பெண்களுக்கு. அவருக்கு இரண்டு பிள்ளைகள் என்று மலரிலேயே இருக்கிறது.

தலைவரே, இந்தக் கடிதத்தோடு பஞ்சில் சுற்றி ஒரு சின்னப் பொதி வைத்திருக்கிறேன். ஊசி வளைந்துதான் இருக்கிறது, கை கவனம். பின்பக்கம் திருப்பி உன் எழுத்தைப் பார். அது ஒரு நாளும் கடலில் நனையவில்லை. பார்த்துவிட்டு, மலரில் நீ எழுதிய பக்கத்தை இன்னொரு தரம் வாசி.